நாற்பத்து மூன்று மீட்டர் கேபிள்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை. நான் பேய், பிசாசுக்குப் பயப்படுகிற ஆளும் இல்லை. அருப்புக்கோட்டையில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் கேபிள், சுவிட்ச், கேமரா சாமான் விற்கிறேன். சாமானைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, "வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்று நிற்கிற பேய்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன்.

ஆனால் இது நடந்தது. நடந்த இடம் தெரியும். நேரம் நிமிஷக் கணக்காகத் தெரியும். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் என் கடைக்குத் தினமும் வந்துபோன பிள்ளைகள். மாரீஸ்வரன் இதை என்னிடம் வாயால் சொல்லவில்லை. ஒன்பது நாள், சாயங்காலம் சாயங்காலமாக என் கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் தட்டித் தட்டிக் காட்டினான். ஏன் என்பது போகப்போகத் தெரியும். அவன் தட்டியதைக் கோவையாக எழுதுகிறேன், அவ்வளவுதான் என் வேலை.

மாரீஸ்வரன் திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மானம் பார்த்த பூமியில் மல்லி விதைத்துவிட்டு வானத்தைத் திட்டுகிற குடும்பம். அவன் பெண்டாட்டி தேவிபிரியா அருப்புக்கோட்டை நெசவுக்காரர் வீட்டுப் பெண். வெளியே தமிழ், வீட்டுக்குள் தெலுங்கு. பாலிடெக்னிக்கில் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து தொழில் கற்றார்கள். இரண்டு வீட்டாரும் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு வேறு வழி இல்லாமல் சிரித்து நடத்திய கல்யாணம். பாளையம்பட்டியில் வாடகை வீடு. சின்னச் சின்ன ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதும், படுத்துவிட்ட நெட்வொர்க்கை எழுப்பி நிறுத்துவதும் இருவருக்கும் தொழில்.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் மாரிக்குத் தெலுங்கு மட்டும் ஏறவே இல்லை. மாமியார் லிங்கம்மாள் 'தின்னாவா?' என்பார், சாப்பிட்டாயா என்று. இவன் 'தின்னேன்' என்று தமிழ் வாலை ஒட்டிப் பதில் சொல்வான். வீடே சிரிக்கும். "மச்சான், நீங்க தமிழ்லயே இருங்க, எங்க பாஷை பொழச்சுப் போகட்டும்" என்பான் தேவியின் தம்பி அரவிந்த்குமார்.

போன சித்திரையில் அவர்களுக்குக் கிடைத்த வேலை ஒரு கரிக் கம்பெனி. திருச்சுழிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், ரோட்டை விட்டு உள்ளே, கருவேலங்காட்டை ஒட்டி இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் மூட்டம் போட்டு எடுக்கிற விறகுக் கரியெல்லாம் அங்கே எடை போட்டு லாரி ஏறும். முதலாளி பொன்னுச்சாமி. ஆபீஸ் ஒரு மாடி வைத்த வீடு. எடை மேடை அங்கிருந்து இருநூறு மீட்டர். எடை மேடையில் விழுகிற எடை அந்த நிமிஷமே ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும் என்பது பொன்னுச்சாமியின் ஆசை. நடுவில் லாரி போகிற பாதை, கேபிள் இழுக்க முடியாது. அதனால் எடை மேடைக் கூரையில் ஒரு ஆன்டெனா, ஆபீஸ் மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா. மாடி ஆன்டெனாவுக்கும், கீழே ஹாலில் எல்லாக் கம்ப்யூட்டரும் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டிக்கும் நடுவே ஒரு கேபிள். வெயில் தாங்குகிற கறுப்பு உறை போட்டது. நாற்பத்து மூன்று மீட்டர். அளந்து வெட்டிக் கொடுத்தவன் நான்தான், அவர்களுக்குச் சோலையண்ணன்.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வேலையை வைத்துக்கொண்டார்கள். கம்பெனி ஆட்கள் விடிகாலையிலேயே மதுரைக்குப் போய்விட்டார்கள். பொன்னுச்சாமியும் சாவியை இவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் காரைக் காரியாபட்டிப் பக்கம் திருப்பிவிட்டார். ஆள் இல்லாத நாள் என்றால் மேஜையை நகர்த்தலாம், கம்ப்யூட்டரை நிறுத்தலாம், யாரும் குறுக்கே வந்து 'எப்ப வரும், எப்ப வரும்' என்று நச்சரிக்க மாட்டார்கள். இவர்களாகக் கேட்டு வாங்கிய நாள் அது.

பதினொரு மணிக்குள் ஹாலில் நாலு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டன. மிச்சம் மாடிக் கேபிள் மட்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கேபிள் டெஸ்டர் இரண்டு துண்டாக இருக்கும். கேபிளின் இந்த முனையில் ஒரு துண்டை மாட்ட வேண்டும், அந்த முனையில் இன்னொன்றை. இரண்டும் மாட்டி, உள்ளே இருக்கிற எட்டுக் கம்பியும் சரியாக இருந்தால் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரியும். இவர்களுடையது விளக்கு எரியும்போதெல்லாம் 'பீப்' என்று கத்துகிற ரகம். அந்த முனை காலியாக இருந்தால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. இரண்டு முனைக்கு இரண்டு ஆள் என்பதால் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தொண்டை பெரிசு. இங்கிருந்து 'மாட்டிட்டியா?' என்று கத்துவோம். அங்கிருந்து 'மாட்டிட்டேன்' என்று குரல் வரும். குரல் வந்தால் ஆள் அங்கே இருக்கிறான். யாரும் அதைத் தாண்டி யோசித்ததில்லை.

மாரி மேலே போனான். மாடிப்படி வந்து முடிகிற கூண்டு அறையின் தலையில்தான் ஆன்டெனாக் கம்பம். இரும்பு ஏணியைச் சாய்த்து ஏறினான். கேபிள் முனையில் ஜாக் அடித்தான், அதாவது கம்பிகளைச் செருகுகிற பிளாஸ்டிக் முனையை வைத்து அழுத்தினான். டெஸ்டர் துண்டு சட்டைப்பையில் இருந்தது, அதை எடுக்கக் கையை விட்டான்.

ஏணி நகர்ந்தது.

ஒன்பது அடி இருக்கும். விழுந்தது தெரிந்தது, வலி தெரியவில்லை. கண் திறந்தபோது இடது கன்னம் தளத்தில் ஒட்டிக் கிடந்தது. சித்திரை வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தளம். கன்னம் பொசுங்குகிற வலி மட்டும் வந்தது. மற்றபடி கழுத்துக்குக் கீழே ஒன்றும் தன்னுடையதாக இல்லை. கால் எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை. இடது கை முகத்துக்கு முன்னால் நீண்டு கிடந்தது. அது தன் கைதானா என்று வாட்சைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

மணி 11.32.

'தேவி' என்று கத்தினான். கத்தியதாக நினைத்தான். காற்று மட்டும் வந்தது.

பயம் வரவில்லை என்று எழுதிக் காட்டினான். ஏனென்றால் தேவி கீழே இருக்கிறாள். இப்போது கூப்பிடுவாள். பதில் வராது. இரண்டாவது தடவை கூப்பிடுவாள். அதற்கும் வராது. ஓடி வந்துவிடுவாள். இரண்டே நிமிஷம். இரண்டு நிமிஷம் இந்தச் சூட்டைத் தாங்கினால் போதும்.

11.35. மாடிப்படி வழியாக அவள் குரல் ஏறி வந்தது.

"மாரீ... மாட்டிட்டியா?"

அவன் காத்திருந்தான்.

"மாட்டிட்டேன்."

பதில் வந்தது. அவன் குரலில்.

முதலில் தன் வாய்தான் பேசிவிட்டது என்று நினைத்தான். தலையில் அடிபட்டால் அப்படி ஆகும் போலிருக்கிறது என்று. உதட்டை அசைத்துப் பார்த்தான். அசைந்தது. சத்தம் இல்லை.

"வெளக்கு வரலையே மாரி. நல்லா மாட்டுனியா?"

இந்த முறை அவன் உதட்டை இறுக மூடினான். மூச்சையும் பிடித்துக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஒன் பக்கத்து ஜாக்கத் திருப்பி அடி."

அவன் மூச்சு உள்ளேதான் இருந்தது.

குரல் மாடியிலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது. வீட்டுக்குள், எங்கேயோ பின்பக்கம். படிக்கூண்டில் எதிரொலித்து மேலும் கீழும் ஒன்றாகக் கேட்டது. தேவிக்கு அது மாடியிலிருந்து வருவதாகத்தான் தோன்றியிருக்கும்.

யாரோ கம்பெனி ஆள் விளையாடுகிறான் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தான். அழகரைப் பார்க்கப் போகாத எவனோ ஒருவன். ஆனால் சொன்ன விதம் அவனுடையது. 'திருப்பி' என்னும்போது அவனுக்குக் கொஞ்சம் நாக்குத் தடுக்கும். குரலும் தடுக்கியது.

11.46. கீழே ஜாக் அடிக்கும் கருவியின் 'க்ளக்' கேட்டது.

"இப்ப?"

"மாட்டிட்டேன்."

"வரலடா."

"திருப்பி அடி."

11.53. க்ளக்.

"இப்பயும் வரல. கேபிளே போச்சா? சோலையண்ணன் பழச எதுவும் தலையில கட்டிட்டாரா?"

"இருக்கும். இன்னொரு தடவ அடிச்சுப் பாரு."

மாரி அப்படிச் சொல்கிறவனே இல்லை. ஒரு தடவை விளக்கு வராவிட்டால் தடதடவென்று இறங்கி வந்து, 'கொண்டா இங்க' என்று பிடுங்குகிற பொறுமைசாலி அவன். அதை வைத்து எத்தனை சண்டை நடந்திருக்கிறது. தேவி, உனக்கா தெரியாது? நான் எப்போது உன்னை மூன்று தடவை அடிக்க விட்டிருக்கிறேன்? அவன் மனதுக்குள் கதறினான். கீழே அவள் முனகிக்கொண்டே புது ஜாக்கைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

வெயில் உச்சிக்கு ஏறியது. கூண்டு அறையின் நிழல் சுருங்கிச் சுவரோரம் ஒட்டிக்கொண்டது. கன்னத்தில் தோல் கழன்றுவிட்டது என்று தோன்றியது. நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. இன்னும் அரை மணி நேரம் இப்படிக் கிடந்தால் செத்துப்போவோம் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் மேலே வந்தால் பிழைப்பான். வராவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

11.59.

"மாரி, நான் மேல வரட்டா?"

வா. வா. வா.

"வேணாம். வெயிலு. நீ அங்கயே இரு."

"தண்ணியாச்சும் கொண்டாரேன்."

"வேணாம்மா. இருக்கு."

செருப்புச் சத்தம் இரண்டு படி ஏறியது. நின்றது... இறங்கியது.

அவன் அழுதான். கண்ணீர் தளத்தில் விழுந்ததும் காய்ந்தது என்று எழுதினான். அதை எழுதியதும் நான் போனை வாங்கிக் கீழே வைத்தேன்.

12.08. அவள் அலுத்துப்போய் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். நாற்காலி இழுபட்டது. விளையாட்டாக, நாலு வருஷமாக அவனைச் சீண்டுவதற்கென்றே கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"தின்னாவா?"

"இங்கா லேது."

கீழே நாற்காலி திரும்புகிற சத்தம் கேட்டது.

'இன்னும் இல்லை' என்று அதற்கு அர்த்தம். அந்த இரண்டு சொல் மாரிக்கும் தெரியும். ஆனால் அவன் வாயில் அது ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. நெசவுத் தெருவில் பிறந்து வளர்ந்தவன் சொல்வது போல இருந்தது.

"அட!" தேவி சிரித்தாள். "எப்படா கத்துக்கிட்ட?"

குரல் பேசியது. தெலுங்கில். சரளமாக, வேகமாக. அவன் குரல். அவன் தடுக்கல். நடுவில் அவன் சிரிப்பு. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

தேவி தெலுங்கில் ஏதோ கேட்டாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷம். நாலு வருஷமாக அவள் ஆசைப்பட்டது அது. புருஷன் தன் வீட்டுப் பாஷையில் தன்னோடு பேச வேண்டும் என்று.

தன் குரல் தன் பெண்டாட்டியிடம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் கிடந்தான்.

12.14. அவள் குரல் தணிந்தது. கேள்விகள் குறைந்தன. 'ம்' மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. குரல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது... மெதுவாக... கொஞ்சுகிற மாதிரி.

12.16. நாற்காலி நகர்ந்தது.

செருப்பு.

மாடிப்படிப் பக்கம் இல்லை.

பின்பக்கம் போனது.

"தேவி... ரா."

தெலுங்கில் 'வா'. அது அவனுக்குத் தெரியும்.

அந்த நிமிஷம் தன் உயிர் அவனுக்கு மறந்துபோனது. அவள் போகக் கூடாது. அது ஒன்றுதான். கை இல்லை, கால் இல்லை, குரல் இல்லை. வாய் இருந்தது. வாய்க்கு ஒரு சாண் முன்னால் கேபிள் கிடந்தது. அவனோடு சேர்ந்து விழுந்த முனை.

தாடையைத் தளத்தில் ஊன்றி நகர்ந்தான். தோல் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. கேபிளைப் பல்லில் கவ்வினான்.

கடித்தான்.

கறுப்பு உறை கெட்டி. திரும்பக் கடித்தான். ஈறில் ரத்தம் வந்தது. கடித்தான். உறை பிளந்தது. உள்ளே கம்பிகள் பல்லில் பட்டன. மேல் முனையில் டெஸ்டர் இல்லாவிட்டாலும், இரண்டு கம்பி ஒன்றோடொன்று ஒட்டினால் அந்த முனையில் விளக்கு எரியும். தொழில் தெரிந்தவனுக்கு அது தெரியும்.

12.19.

பீப்.

செருப்பு நின்றது.

பல்லைத் தளர்த்தினான். சத்தம் நின்றது. திரும்பக் கடித்தான்.

பீப்.

"மாரி... வெளக்கு வருது."

"அத விடு. வா."

பீப்... பீப்...

"மூணும் ஆறும் மட்டும் வருது. விட்டு விட்டு வருது."

"விடுன்னேன்ல. வா."

"நீ எங்க இருக்க?"

"பின்னாடி ரூம்ல."

"கேபிள் முனை?"

"மேல கெடக்கு."

பீப்.

தேவியின் குரல் மெலிந்துபோனது.

"அப்ப... மேல யாரு தொடுறது?"



12.21.

குரல் பேசியது. தெலுங்கில். இந்தத் தடவை வேகமில்லை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அவள் காதில் ஏற்றுகிற மாதிரி சொன்னது. நாலு வாக்கியம். மாரிக்கு அதில் 'நேனு' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. நான்.

பிறகு செருப்புகள் ஓடின. படி ஏறின.

கூண்டுக் கதவில் தேவி வந்து நின்றாள். அவன் கண்ணை மட்டும் உருட்டி அவளைப் பார்த்தான்.

அவள் பக்கத்தில் வரவில்லை.

நின்று பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம் முழுக்க. வாட்சில் 12.22 என்பது 12.23 ஆனது. அதன் பிறகுதான் அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். கழுத்து நரம்பு நசுங்கியிருந்தது. அறுந்துபோகவில்லை, அதுவே பெரிய காரியம் என்றார்கள். மூன்று மாதத்தில் கை வந்தது, ஆறு மாதத்தில் கோலூன்றி நடந்தான். குரல் மட்டும் வரவில்லை. தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். "எல்லாம் நல்லா இருக்கு. பேசணுமே" என்றார் டாக்டர். பேச்சு வரவில்லை.

இதையெல்லாம் அவன் தட்டிக் காட்டிய பிறகு நான் விசாரிக்காமல் விடவில்லை. அந்தக் கட்டடத்தில் யாரும் தூக்குப் போடவில்லை. யாரும் எரிந்து சாகவில்லை. ஏழு வருஷத்துக் கட்டடம், அதற்கு முன்னால் வெறும் பொட்டல். கிணறுகூட இல்லை. தேவியிடம் ஒரு தடவை கேட்டேன். அவள் சொன்னது ஒன்றுதான்.

"பின்னாடி ரூமு வெளியில பூட்டித்தான் இருந்துச்சுண்ணே. பூட்டுக்கு அங்கிட்டு இருந்துதான் பேசுச்சு."

அது என்ன சொன்னது என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள்.

புருஷனை அவள் குறை சொல்ல முடியாதபடி பார்த்துக்கொண்டாள். ஊட்டினாள், குளிப்பாட்டினாள். ஆனால் அவனுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டாள். படுக்கையை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். அம்மாவோடு போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருப்பாள், இவன் கோல் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள். முன்னெல்லாம் அவன் எதிரிலேயே அவனைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். அவனுக்கு வலித்தது. ஏன் என்று தெரியாததால் இன்னும் வலித்தது.

அந்த நாலு வாக்கியத்தின் ஓசையும் அவன் மனதில் அப்படியே கிடந்தது. உச்சி வெயிலில் கிடந்தபடி கேட்டதல்லவா, ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. தை மாதத்தில் ஒரு நாள், அரவிந்த்குமார் பார்க்க வந்தபோது, தேவி கடைக்குப் போயிருந்தாள். மாரி அந்த வாக்கியங்களைக் கேட்டது கேட்டபடி தமிழ் எழுத்தில் போனில் தட்டி அவனிடம் நீட்டினான். 'இதுக்கு அர்த்தம் என்ன?' என்று கீழே எழுதியிருந்தான்.

அரவிந்த் படித்தான். டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"இது யாரு சொன்னது மச்சான்?"

மாரி 'அர்த்தம்' என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினான்.

அரவிந்த் குரலை இறக்கிச் சொன்னான். "மேல போகாத. அங்க கெடக்குறது நான் இல்ல. அது என்னை மாதிரி கெடக்கு. அத வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிராத."

மாரிக்குக் கூண்டுக் கதவில் அவள் நின்ற அந்த ஒரு நிமிஷம் இப்போது புரிந்தது. அவன் நிமிர்ந்தபோது அரவிந்த் எழுந்து நின்றிருந்தான்.

"அக்கா இத எங்கம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னா. நான் பக்கத்துல இருந்ததால எனக்குத் தெரியும். மச்சான் கெடந்தது மயக்கத்துலன்னு சொன்னாங்க." அவன் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தான். "எங்க மச்சானுக்குத் தெலுங்கு தெரியாது. ஒரு வார்த்த ஒழுங்கா சொல்லத் தெரியாது. நீங்க... ஒரு எழுத்து தப்பில்லாம எழுதியிருக்கீங்க."

மாரி அவசர அவசரமாகத் தட்டினான். 'கேட்டேன். மேல கெடந்தப்ப கேட்டேன். அதான் எழுதுனேன்.' போனை நீட்டினான்.

அரவிந்த் அதை வாங்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் லிங்கம்மாள் வந்து வாசலிலேயே நின்றார். தேவி துணிகளைப் பையில் எடுத்துவைத்தாள். போகும்போது வாசற்படியில் திரும்பினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நீ யாரு?" என்று கேட்டாள். "ஒரே ஒரு தடவ பேசிரு. பேரச் சொல்லு, போதும். நான் இருந்துக்கிறேன்."

அவன் வாயைத் திறந்தான். காற்று வந்தது.

அதற்குப் பிறகுதான் என் கடைக்கு வந்து இதையெல்லாம் தட்டினான். ஒன்பதாம் நாள் கடைசியாக இப்படி எழுதியிருந்தான்:

'அந்தக் கேபிள் இன்னும் அங்கதான் கெடக்கும்ணே. ஜாக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி என் பல்லுத் தடம் இருக்கும். உறை பிஞ்சிருக்கும். அவளுக்காகக் கடிச்சேன். அத மட்டும் கொண்டாந்து அவகிட்டக் காட்டுங்க. வேற எதுவும் என்கிட்ட இல்ல.'

 மறுநாளே போனேன்.

மாரி விழுந்த அன்றோடு பொன்னுச்சாமி அந்த வேலையைக் கைவிட்டிருந்தார். எடை மேடையில் இன்னும் துண்டுச் சீட்டுதான். "யாரும் மாடிக்குப் போறதில்லைங்க, சாமான் போட்டது போட்டபடி கெடக்கு" என்றார். கேபிள் கிடந்தது. நான் வெட்டிக் கொடுத்த அதே கேபிள், உறையில் என் கடை ஸ்டிக்கர்கூட உரியவில்லை. இரண்டு முனையிலும் ஜாக் இருந்தது. கீழே இறக்கிக்கொண்டு வந்து வராந்தாவில் விரித்தேன்.

மேல் முனையிலிருந்து ஒரு சாண் பார்த்தேன். இரண்டு சாண் பார்த்தேன். அப்புறம் தரையில் உட்கார்ந்து, நாற்பத்து மூன்று மீட்டரையும் விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன்.

ஒரு கீறல் இல்லை.

பையில் டெஸ்டர் இருந்தது. இரண்டு முனையிலும் மாட்டினேன். ஒன்று... இரண்டு... மூன்று... எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. எட்டு பீப்.

கேபிள் என் கடையில், பெஞ்சுக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கிறேன். 'எடுத்துட்டீங்களாண்ணே?' என்று தினமும் மெசேஜ் வருகிறது. இன்னும் போகவில்லை, வேலை என்று பதில் போடுகிறேன்.

நேற்று அவனே கடைக்கு வந்தான். கோலைச் சாய்த்து வைத்துவிட்டு, எப்போதும் போலச் சிரித்தான். பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த பிள்ளை. நான் எழுந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. கால் தானாகப் போனது.

நான் விலகி நின்றதை அவன் பார்த்துவிட்டான்.